டிக்கிக்குள் மச்சான்

நூலகருக்குத் தெருவில் வேறொரு பெயர் உண்டு: உறைக்காரர். அது அவருக்குத் தெரியாதென்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் நடந்துகொண்டிருந்தார். நூலகத்துக்கு வருகிற புத்தகத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டுப் போட்டுக் கை அதற்கே பழகிவிட்டது. வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சோபாவுக்கு உறை, சோபா உறை அழுக்காகாமலிருக்க மேலே ஒரு விரிப்பு. மனைவியைத்தான் இன்னும் விட்டுவைத்திருக்கிறார் என்று எதிர்வீட்டில் பேச்சு.

அப்படிப்பட்டவர் மச்சானிடம் கார் வாங்கினார். மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எட்டு வருஷம் அந்தக் காரைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மாமா" என்று சாவியை நீட்டிவிட்டு அவன் காரை ஒருமுறை தடவிக்கொடுத்ததை நூலகரும் பார்த்தார்தான்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வினை. மூன்று நாள் சேர்ந்தாற்போல நிறுத்திவைத்தால் போதும், நாலாம் நாள் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி பழசு என்றார்கள்; புதுசு போட்டார். புதுசும் நாலாம் நாள் படுத்துவிட்டது. நூலகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருப்பதும், பால்காரரும் பேப்பர்காரரும் பின்னாலிருந்து தள்ளுவதும் தெருவுக்கு வாரக் காட்சியாகிப் போனது.

நூலகர் யாரையும் வாய்விட்டுத் திட்டுகிறவர் இல்லை. சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "உன் தம்பி தெரிஞ்சேதான் என் தலையில கட்டியிருக்கான்."

மனைவி அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. ஆனால் போனில் அக்காவின் குரல் இறங்கியிருந்தால் ஏனென்று ஒரு தம்பிக்குத் தெரியாதா? ஞாயிறு தவறாமல் காலைச் சாப்பாட்டுக்கு வந்து, சோபா விரிப்பைக் கசக்கி, மாமாவை வம்புக்கிழுத்துவிட்டுப் போகிறவன் மூன்று ஞாயிறாக எட்டிப் பார்க்கவில்லை. மனைவி அவனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். பிறகு மூடி வைத்தாள். விரிப்பு கசங்காமல் இருப்பது நிம்மதி என்று நூலகர் சொல்லிப் பார்த்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கழுத்து மட்டும் நீண்டது.

இருந்தாலும் கோபம் கோபம்தானே. ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் திருப்பாதவர்களுக்கு நினைவூட்டல் எழுதிப் பழகிய கை, ஆறு தாள் வரை ஓடிவிட்டது. அதை எட்டாக மடித்து, உறை போடாமல் முடியுமா, ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காரைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்து 'இது பழைய கோளாறு' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கடிதத்தை நீட்டிவிடுவது. நீட்டினால் மச்சான் அப்புறம் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

நாலாவது ஞாயிறு எலக்ட்ரீஷியன் வந்தார். அவருக்குப் பட்டப்பெயர் மீட்டர். கையிலிருக்கிற மீட்டர் சொன்னாலொழிய எதையும் நம்ப மாட்டார். மனைவி தம்பிக்கும் போன் போட்டு, "உன் காரைத்தான் பிரிக்கிறாங்க, வந்து நில்லு" என்று சொல்லியிருந்தாள். அவன் வந்தான். வீட்டுக்குள் வராமல் கேட்டருகிலேயே நின்றான்.

மீட்டர் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் தன் கருவியைச் செருகினார். எல்லாக் கதவையும் சாத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"பேட்டரி நல்ல பேட்டரி. சார்ஜும் நல்லா ஏறுது. ஆனா வண்டி தூங்கும்போது எதுவோ முழிச்சிருந்து கரண்ட்டைக் குடிக்குது. பாருங்க, இதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கணும்."

நூலகரின் கை சட்டைப்பைக்குப் போனது.

"என்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் இப்படி ஆனதில்ல" என்றான் மச்சான், காரைப் பார்த்து.

"உன்கிட்ட இருந்தப்ப ஆனா நீ சொல்லவா போற?" என்றார் நூலகர், அவரும் காரைப் பார்த்து.

"ரெண்டு பேரும் காரோட பேசினது போதும்" என்றாள் மனைவி.

மீட்டர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்த்தார். ரேடியோ, ஹாரன், எதற்கும் அசையவில்லை. ஏழாவதைப் பிடுங்கியதும் முள் பொத்தென்று விழுந்தது.

"உள் விளக்கு லைன். ஆனா உள்ள ஒரு விளக்கும் எரியலையே." தலையைச் சொறிந்தவர் ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டுப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. "திறந்தா எரியணும், சரி. மூடினா அணையுதா? போனை உள்ள வச்சு வீடியோ எடுத்தா..."

அதற்குள் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்துவிட்டான். "மூடுங்க. என் மேல வந்த பேச்சு, நானே பாத்துக்கறேன்."

மூடினார்கள். நூலகர் மூடியில் காதை வைத்தார். அவர் எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"ஜெகஜ்ஜோதியா எரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "புத்தகம் இருந்தா குடுங்க மாமா, படிச்சிட்டிருக்கேன்."

மீட்டர் டிக்கியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பெயின்ட்டில் கீறல் விழக்கூடாதென்று சுற்றிலும் தடித்த பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்து ஒட்டியிருந்தது. அதனால் மூடி பூட்டிக்கொண்டாலும் அரை விரல் தூக்கி நின்றது. விளக்கை அணைக்கிற பொத்தானை அது தொடவே இல்லை.

"இதை ஒட்டினது யாரு?"

மனைவி வானத்தைப் பார்த்தாள். டிக்கிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டு வருஷக் காரில் கோளாறே இல்லை, கோளாறு மூன்றாவது வாரம் நூலகர் ஒட்டிய உறையில். நூலகருக்கு வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மச்சான் ஏமாற்றவில்லை.

"கெட்டியா ஒட்டியிருக்கீங்க சார், உரிக்க அரை நாள் ஆகும். இன்னைக்குப் பொத்தானுக்கு நேரா மூடியில எதையாவது தடியா ஒட்டுவோம். மடிச்ச பேப்பர் இருக்கா?"

நூலகர் யோசிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார். மீட்டர் டிக்கியைத் திறந்து, படுத்திருந்தவன் தலைக்கு மேலே, மூடியின் உள்பக்கம் அதை டேப் போட்டு ஒட்டினார். ஒட்டிய பிறகுதான், தான் கொடுத்தது எதை என்று நூலகருக்கு உறைத்தது. அதற்குள் மச்சானோடு டிக்கி மூடியாகிவிட்டது.

"அணைஞ்சிடுச்சு" என்றது குரல், கொஞ்சம் தாமதமாக.

அன்றைக்குச் சோபா விரிப்பு நன்றாகவே கசங்கியது.

நாலு நாள் தொடாமல் விட்டு வியாழக்கிழமை சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு எழுந்தது கார். தள்ளுவதற்குத் தயாராகக் கை மடித்து நின்ற பால்காரருக்குத்தான் ஏமாற்றம். நூலகர் மச்சானுக்குப் போன் செய்து, "எடுத்திடுச்சுப்பா" என்றார். நெடுநாள் கழித்து அவர் அவனை அழைத்த போன் அது.

ஞாயிறு காலை இருவரும் சேர்ந்து விளிம்புத் தாளை உரித்தார்கள். கடைசியாக மச்சான் மூடியில் ஒட்டியிருந்த பொட்டலத்தைப் பிய்த்து, பிரிக்காமல் அவரிடம் நீட்டினான்.

"மேல 'மச்சானுக்கு'ன்னு எழுதியிருந்துச்சு மாமா. உறை கண்ணாடி மாதிரி, எல்லாம் தெரியுது. அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள லைட் அணைஞ்சிடுச்சு."

"அடுத்த வரியில ஒண்ணுமில்ல" என்றார் நூலகர்.

"அதான் நானும் நினைச்சேன்."

வாங்கிக் கிழிக்கப் பார்த்தார். இப்படி இழுத்தார், அப்படி முறுக்கினார். அசையவில்லை, முதல் தரமான உறை.

"அக்கா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் மச்சான், "மாமாவுக்கு ஒரு கத்தரிக்கோல் கொண்டா. அப்படியே எனக்குத் தட்டு வை."