இளசுகள் இருந்த குப்பி

எங்கள் அடுக்குமாடியின் வாசலில் நிற்கிற மரத்துக்கு யாரோ மெல்லிய துணி சுற்றிவிட்டதுபோல அடியிலிருந்து கிளைவரை வெள்ளை படர்ந்தது. முதலில் பார்த்தவள் நான்தான். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. ஜன்னலில் நிற்பதை எட்டிப் பார்ப்பது என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால் வலை. வலைக்குள் எள்ளைவிடச் சின்னதாகப் பழுப்புப் பூச்சிகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றாவது ஓரிடத்தில் நிற்கட்டுமே, ஊஹூம்.

எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பூச்சி மேடத்தைக் கூப்பிட்டேன். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் தற்காலிக வேலை பார்க்கிறாள். அதனால் இந்தப் பெயர். வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து, கைலென்சைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, “மரப்பட்டைப் பேன்” என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தலையைச் சொறிந்தது. மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வழுக்கைத் தலையில் ஈர்வலிச் சீப்பு போட்டுப் பார்த்ததாகக் கேள்வி.

செயலாளர் கூட்டம் போட்டார். பூச்சி மேடம் பொறுமையாகத்தான் விளக்கினாள். இது தலைப்பேன் இல்லை, கடிக்காது. பட்டையில் படிகிற பாசியையும் பூஞ்சையையும் மேய்கிற சாது. உதட்டிலிருந்து நூல் விட்டு வலை பின்னி, அதற்கடியில் மொத்தக் குடும்பமும் ஒன்றாக வாழும். கொஞ்ச நாளில் வலை தானாகக் கிழிந்து காணாமல் போகும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. செயலாளர் கேட்டுக்கொண்டார், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய வீடு விற்பனைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள்.

“பொணத்துக்குப் போத்தின மாதிரி இருக்கும்மா. இதப் பாத்துட்டு எவன் வீடு வாங்குவான்?”

சனிக்கிழமை அவளுடைய மேலதிகாரி வந்து மரத்தைப் பார்க்கும்வரை மருந்தடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கினாள். அப்படி என்ன அவசரம் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நான் மாடிப்படியில் கேட்டேன், அவள் புருஷனிடம். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மெக்கானிக் படியேறி வருகிறார் என்றால் மனசு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

விஷயம் இதுதான். மரத்தில் இருக்கிற கூட்டத்தில் ஆணே இல்லை, எல்லாம் பெண். இதே ஜாடையில் ஏற்கெனவே தெரிந்த இனம் ஒன்று உண்டு, அதில் ஆண் உண்டு. இங்கே ஆண் இல்லை என்று உறுதியானால் இது புது இனம். கண்டுபிடித்தவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் வந்த நாளிலிருந்து கயிற்றுக் கட்டோடு அப்படியே இருந்தன.

“இந்த ஊர்லயாவது பொட்டியப் பிரிச்சிரணும்க்கா” என்றார்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிக்சி ஜாரைக் கொடுக்கப் போனேன், மூடியை வாங்கப் போனேன். சாப்பாட்டு மேஜையில் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு, ஒரு காலை ஆட்டியபடியே அவள் வேலை செய்வாள். அந்தக் கால் நின்று நான் பார்த்ததில்லை. எனக்கும் காட்டினாள். நெற்றிக்குக் கீழே பலூன் ஊதியதுபோல் புடைத்த முகம். பாதத்தில் இரண்டு கணு. இறக்கை நரம்புகள் பலமுறை துவைத்த சேலைக் கோடு மாதிரி மங்கல், மேலெல்லாம் ரோமம். இதை வைத்துத்தான் எந்தக் குடும்பத்துப் பூச்சி என்று கண்டுபிடிக்கிறார்களாம். எங்கள் கட்டடத்தில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பிடித்த பூச்சிகளை இரண்டு குப்பிகளில் பிரித்து வைத்திருந்தாள். இறக்கை வைத்தவை ஒன்றில். இறக்கை இல்லாத பொடிசுகள் இன்னொன்றில், ‘இளசுகள்’ என்று சீட்டு ஒட்டி. அந்த இரண்டாவது குப்பியை அவள் திறந்தே நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

“இளச வச்சு யாரும் இனம் சொல்ல மாட்டாங்கக்கா. வளந்தாத்தான் அடையாளமே தெரியும்.”

அவள் பல வருஷம் படித்தது வேறொரு குடும்பத்துப் பட்டைப்பேனாம். அதில் ஆணுக்குத்தான் பெரிய கண், முழு இறக்கை. அதே மாதிரி ஒருத்தன் இங்கே அகப்படுகிறானா என்று இறக்கைக்காரர்களையெல்லாம் சலித்துவிட்டாள். ஒருத்தனும் இல்லை.

“ஆம்பளையே இல்லாம எப்படிம்மா குடித்தனம் நடக்குது?”

“அருமையா நடக்குதுக்கா.”

சமையலறையில் அவள் புருஷன் இருமினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, மேலதிகாரிக்குக் காட்ட வலையோடு பெயர்த்த பட்டைத் துண்டு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

எழுந்து எனக்கு இடம் விட்டாள். குனிந்து பார்த்தேன். இறக்கையோடு ஒரு பெரிசு. அதன் பின்பக்கத்தோடு பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு பொடிசு.

“புள்ள தாயை விடமாட்டேங்குது போல” என்றேன்.

அவள் இளசுகள் குப்பியைத் திறந்து, தோளில் மொட்டு மாதிரி துளி இறக்கை வைத்திருந்தவற்றைத் தேடி எடுத்து, உடம்பு கண்ணாடிபோல் தெளிவதற்காகக் காஸ்டிக் கரைசலில் ஊறப் போட்டாள். அது ஊறுவதற்குள் நான் வீட்டுக்கு ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொன்றாக ஸ்லைடில் வைத்து வால் நுனியைப் பார்த்தாள்.

“இதுங்க இளசு இல்லக்கா. வளந்த ஆம்பளைங்க. இதுக்கு மேல எறக்க வளராது. நான்தான் புள்ளைங்களோட சேத்துப் போட்டு வச்சிருக்கேன்.”

வீட்டில் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். “எங்க வீட்லயும் அதே இனம்தான்” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

குப்பியைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். நானும் தொட்டியைப் பார்த்தேன். கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தால் முடிந்தது கதை. மேலதிகாரி பெரிசுகளைத்தான் பார்ப்பார். அவர் கிளம்பியதும் மருந்தடித்தால் மரத்தில் சாட்சிக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

யாரிடம் போய் எதைச் சொல்கிறாள் பாருங்கள்!

அன்று முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யார் கதவைத் தட்டினாலும் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுக்கொண்டு போய்த் திறந்தேன். அவளும் அப்படித்தான் தவித்தாள்: இறங்கி வருவதும் மரத்தைச் சுற்றுவதும் மேலே ஓடுவதும். சாயங்காலம் செயலாளர் அவளை மடக்கி, அதிகாரி பார்த்த கையோடு அடித்துவிடலாமா என்று கேட்டார். நேற்றுவரை அந்தப் பேச்சை எடுத்தாலே பதறுகிறவள், “அடிச்சுக்கோங்க” என்றாள். என் ஜன்னல்வரை கேட்டது. எனக்கு ஏனோ வெல்லம் கசந்தது.

சனிக்கிழமை மேலதிகாரி வந்தார். கனத்த கண்ணாடி, அதைவிடக் கனத்த மௌனம். மருந்தடிக்கிறவர் முதுகில் மருந்து நிரப்பிய தகரத்தோடு நிழலில் காத்திருந்தார். பக்கத்தில் செயலாளர். சுற்றிலும் நாங்கள் எல்லோரும், கொஞ்சம் சொறிந்தபடி. மேலதிகாரி லென்சால் மரத்தை மேய்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆண் ஒண்ணுகூட இல்லையா? நல்லாத் தேடினீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

அவள் கை இடுப்புச் செருகலுக்குப் போனது. குப்பியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இருக்கு சார். இளசுன்னு நெனச்சு இதுல ஒதுக்கிட்டேன். நான் பெரிய கண்ணையும் எறக்கையையும் தேடிட்டிருந்தேன். ஸ்லைடு போட்டுப் பாத்துட்டேன், தெரிஞ்ச இனம்தான்.” அப்புறம் மருந்துக்காரரிடம் திரும்பி, “அண்ணே, அடிக்காதீங்க. இதுங்கள உயிரோட பாக்கணும்” என்றாள்.

செயலாளர் குதித்த குதியை எழுதினால் இடம் போதாது. மருந்துக்காரர் தகரத்தை இறக்கிவைத்தார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. மேலதிகாரி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்படியென்றால் வேலை விஷயமாக மேலே எழுத ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான் கட்டிக் காத்த விஷயத்தை இவள் பாட்டுக்கு ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாளே, இனி நான் யாரிடம் போய் எதைச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் மரத்தடியில் தயங்கினார்கள். செயலாளர் என்னை முறைத்ததால் நானே முன்வந்து, கடிக்காது, பாசிதான் மேயும், ஆம்பளைக்கு இறக்கை முளைக்காது என்று விளக்கினேன். அவர்கள் அவசரமாகப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் படியில் காலடிச் சத்தம். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் தட்டும் முன்பே நான் கதவைத் திறந்தேன்.

“கத்தரிக்கோல் இருக்காக்கா? பொட்டியப் பிரிக்கணும்.”

“வேலை கெடைச்சிருச்சா?”

“இல்லக்கா. மாசக் கடைசியில கெளம்புறோம். ஆனா பொட்டி பூரா குப்பி. போன ஊர், அதுக்கு முந்தின ஊர், எல்லாத்துலயும் இளசுன்னு எழுதி மூடி வச்சிருக்கா. அதுலயும் இந்த மாதிரி ஆம்பளைங்க கலந்திருக்குமாம். ஒண்ணு விடாமப் பாத்துரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா.”

கத்தரிக்கோலை அவர் கையில் கொடுக்கவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, நானே எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படியேறினேன்.