பிளாப்பிக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போக மெட்ராஸ் லாரி மதியமே வந்து வாசலில் நின்றுவிட்டது. நின்ற லாரி சும்மா நிற்கவும் இல்லை. அடிக்கடி ஹாரன் அடித்து உள்ளே இருந்த ராஜமேரியை விரட்டிக்கொண்டிருந்தது.

நல்லம்பள்ளியில் இருந்த அந்தக் கருங்கல் கம்பெனிக் கிளைக்கு ராஜமேரிதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சுற்றுப்பட்டுக் குவாரிகளில் வெட்டிய கற்களின் அளவுகளைத் தினமும் சாயங்காலம் டெலிபோன் கம்பி வழியாக மெட்ராஸ் தலைமை ஆபீசுக்கு அனுப்பி வைப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் என்றதும் புத்தம் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். மெட்ராஸில் நாலைந்து வருஷம் அடித்துத் துவைத்துவிட்டு, புதுசு வந்ததும் இங்கே தள்ளிவிட்ட பழசு. ஆனாலும் 1988-ல் அந்த ரோட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. அது இருக்கும்வரைதான் அவளுக்கு வேலை. அது போய்விட்டால் அவளும் சொந்த ஊரான இண்டூருக்குத் திரும்பிப்போய், அண்ணன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அன்று காலையில்தான் ஆபீஸ் திறந்திருந்தது. சுவிட்சைப் போட்டால் மிஷின் விழித்துக்கொண்டது, ஆனால் மெட்ராஸோடு பேச மறுத்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கணக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் இன்றைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரியிலேயே மிஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அளவை எல்லாம் பழையபடி போனிலேயே படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நறுக்குத் தெறித்தாற்போல் நாலே வார்த்தையில் ஒருத்தியின் பிழைப்பு முடிந்தது.

"என்னாம்மா பண்ணி வெச்ச?" என்றார் மேனேஜர் பச்சியப்பன். குவாரி மேஸ்திரியாகச் சேர்ந்து மேனேஜர் நாற்காலிவரை வந்தவர். மனசு நல்ல மனசுதான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

"நான் லீவுல போறப்ப நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு. கணக்க டெலிபோன் கம்பியில அனுப்பற மோடம் பெட்டியோட எப்படிப் பேசறதுன்னு மிஷினுக்குச் சொல்லித்தர டிரைவர்னு ஒண்ணு இந்த பிளாப்பில இருக்குதுங்க. அதப் படிக்க மாட்டேங்குது."

"டிரைவர் இல்லேன்னா வெளிய ஒருத்தன் நிக்கறானே, அவனக் கூப்புடட்டா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் அவர். ராஜமேரி சிரிக்கவில்லை. மிஷினின் வாயிலிருந்து பிளாப்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

பிளாப்பி என்பது கறுப்பு உறைக்குள் அடைத்த மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மிஷின் தகட்டைத் தொட்டுப் படிக்கும். விரல் நுனிகூடப் படக்கூடாத இடம் அது. அந்த இடத்தில் காய்ந்த சந்தனமும், அதன் நடுவில் குங்குமமும் அப்பியிருந்தன.

யார் கை என்று கேட்கவே வேண்டாம். கடப்பாரை, அளவு டேப், டைப்ரைட்டர், டெலிபோன், ஜீப் என்று அங்கே இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார் பச்சியப்பன். ஆபீஸ் தொடங்கிய நாள் முதல் ஆயுத பூஜை அவர் கையால்தான். மேலே போட்டிருந்த காகித உறைமேல் வைத்தால் அது பொட்டாகுமா என்று பிளாப்பியை வெளியே எடுத்திருக்கிறார். நெற்றி மாதிரி ஒரு இடம் தெரிந்திருக்கிறது, வைத்துவிட்டார். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து அதை மிஷினுக்குள் செருகி ஓடவும் விட்டிருக்கிறார். நல்ல நேரம் வேலை செய்ததில் சந்தனம் தகடு முழுக்க இழுவிப்போயிருந்தது.

வாய் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆபீசில் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி அவள் ஒருத்திதான். உங்கள் பூஜையால் மிஷின் கெட்டது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், அது ரோட்டுக் கடைவரை போய்க் கால் கை முளைத்துத் திரும்பி வரும். டிரைவரை இன்னொரு பிளாப்பியில் நகல் எடுத்து வைக்க மெட்ராஸில் சொல்லியிருந்தார்கள், அதையும் அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தாள். அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

"அழுக்குப் பட்டிருக்குதுங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

முதலில் மிஷினைப் பிரித்தாள். ஆபீஸ் கூட்டும் சென்னம்மாள் பக்கத்து கிளினிக்கிலிருந்து வாங்கிவந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, தகட்டைத் தொடும் பாகத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. வேறு பஞ்சு எடுத்தாள். வெள்ளையாக வரும்வரை விடவில்லை.

அடுத்தது பிளாப்பி. அதற்கு ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. உறையைக் கிழித்துத் தகட்டை வெளியே எடுத்துத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வேறொரு பிளாப்பியின் உறைக்குள் போட வேண்டும். பயிற்சியில் யாரோ செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள், கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கீறல் விழுந்தால் டிரைவர் போயிற்று, மிஷின் போயிற்று, அவளும் போனாள்.

பிளேடை எடுத்தாள். லாரி ஹாரன் அடித்தது.

"இருக்கறதையும் அறுக்கறியே," என்றார் பச்சியப்பன்.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க."

மேனேஜரிடம் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. அவரும் என்னவோ வாயை மூடிக்கொண்டார். உறையின் ஓரத்தை மயிரிழை விட்டு அறுத்துத் தகட்டை விளிம்பில் பிடித்து உருவினாள். சென்னம்மாள் புது பேசினில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தகடு தண்ணீரில் இறங்கியதும் மஞ்சள் கோடாகப் பிரிந்தது.

சென்னம்மாள் குனிந்து மூக்கை உறிஞ்சினாள். "ஏனுங்க மேரிம்மா, இது சந்தன வாசனைங்களே. நம்ம சார் பூஜைக்கு வெச்ச சந்தனமாட்டமே இருக்குது."

ராஜமேரி தலையை நிமிர்த்தவே இல்லை. பச்சியப்பன் பேசினை ஒருதரம் பார்த்தார், தன் வலதுகை மோதிர விரலை ஒருதரம் பார்த்தார், வெளியே போய் லாரிக்காரனிடம் எரிந்து விழுந்தார்.

துவைத்த மல் துணியில் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் தகட்டைக் காயவைத்தாள். ஈரம் போய்விட்டதா என்று பத்துத் தரம் பார்த்தாள். வேறு உறைக்குள் போட்டு, மாதாவே என்று மிஷினுக்குள் செருகிக் கதவை மூடினாள். மிஷின் கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. பிறகு திரையில், டிரைவர் ஏறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழ நேரமில்லாததால் எக்ஸ்சேஞ்ச் வழியாக மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டாள்.

மெட்ராஸ் கிடைத்தது. மோடம் கிறீச்சென்று கத்தத் தொடங்கிய நேரம் பார்த்து லைன் அறுந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அறுந்தது. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுக் கேட்டால், எடுத்தது பழக்கமில்லாத குரல்.

"லைன்ல ஒரே கிறீச் சத்தம் மேடம். லைன் ரிப்பேர்னு நாந்தான் கட் பண்ணன்."

"அது கம்ப்யூட்டர் பேசற சத்தம்ங்க. எப்பவும் இருக்கற லூர்துமேரியக்காவுக்குத் தெரியும். கட் பண்ணிடாதீங்க, கும்புட்டுக் கேக்கறன். மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் வேணுமான்னு கேக்கக்கூட நடுவுல வந்துடாதீங்க. நீங்க பேசினா அது எல்லாம் உளறிடும்."

"என்னமோ சொல்றீங்க. சரி, வரல."

மூன்றாம் தரம் மோடம் கத்தியது. மறுமுனையும் பதிலுக்குக் கத்தியது. கல் அளவுகள் வரிவரியாகத் திரையில் ஓட ஆரம்பித்தன. பச்சியப்பன் உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். கடைசி வரி போய்ச் சேர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் ஒரு இழை பாக்கி இருந்தது.

மெட்ராஸிலிருந்து திரையில் எழுத்து வந்தது. கணக்கு கிடைத்தது, மிஷின் அங்கேயே இருக்கட்டும். ராஜமேரி நாற்காலியில் சாய்ந்தாள். உடனே அடுத்த வரியும் வந்தது. கோளாறுக்குக் காரணம் என்ன? பொறுப்பான ஆளின் பெயரை இப்போதே எழுதவும். அந்த ஆளை இனி கம்ப்யூட்டர் அறைக்குள் விடக்கூடாது.

மிஷினுக்குப் பொறுப்பு அவள்தான். அந்த அறைக்குள் வரக்கூடாது என்றால் ஆபரேட்டருக்கு வேலை ஏது? பிடித்துக் கரையேறிய கயிறே கழுத்தைச் சுற்றுவதாக அவளுக்குத் தோன்றியது.

பச்சியப்பன் தொண்டையைச் செருமினார். "தூசின்னு அடிம்மா. சென்னம்மா சரியா கூட்டலன்னு போட்டுடு. அவ தினக்கூலிதான, நான் குவாரியில சேத்து உட்டுடறன். ஒனக்கும் வேலை தப்புது."

சென்னம்மாள் பேசினும் கையுமாக வாசலில்தான் நின்றிருந்தாள். குவாரி என்றால் வெயிலில் ஜல்லி உடைப்பது. அவள் முட்டியின் லட்சணத்துக்கு ஒரு மாசம் தாங்கமாட்டாள். பச்சியப்பன் சொன்னபடி அடித்துவிட்டால் ராஜமேரி தப்பித்துக்கொள்ளலாம். அடிக்கலாமா என்று அவள் மனசு ஒரு கணம் சபலப்பட்டதும் உண்மைதான். அந்த ஒரு கணத்துக்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே அடித்தாள். ஆயுத பூஜையில் பிளாப்பிமேல் சந்தனம் வைக்கப்பட்டது.

இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்த பச்சியப்பனின் முகம் கறுத்தது. அதற்குள் மெட்ராஸ் கேட்டது. வைத்தது யார்?

ராஜமேரி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "பேர நீங்களே அடிங்க சார். எம் பேர அடிச்சாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டன். சென்னம்மா பேர மட்டும் வேணாம்."

அவர் உட்கார்ந்தார். சுண்டுவிரலால்கூட அவர் தொட்டிராத எழுத்துப் பலகை. இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பேரயே போட்டுக்கங்க சார்," என்றாள் சென்னம்மாள். "பொட்டு நான் வெச்சதாவே இருந்துட்டுப் போவுது. மேரிம்மா பாவம்."

"நீ வெச்சியா?" பச்சியப்பன் சீறித் திரும்பினார். "இந்த ஆபீசுல பூஜை போட்டது யாரு? சாமிக்கு முன்னால நின்னது நானு, பொட்டு நீ வெச்சியா? கூட்டலன்னு சொன்னா சரி. பூஜைய எவ பேருக்கும் எழுதித்தர மாட்டன்."

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அவர் பெயர் முழுசாகத் திரையில் வர வெகுநேரம் ஆயிற்று.

"அனுப்பறதுக்கு எத அமுக்கணும்?"

காட்டினாள். அமுக்கினார். அமுக்கிய கையோடு எழுந்து, வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டு, கம்ப்யூட்டர் அறையைத் தாண்டி வெளியே போய் நின்றார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்து, இதுவரை அவரிடம் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

"பதில் வந்துச்சாம்மா?"