ஓட்டுபவர் விவரம்

எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு மாமாவின் காருக்கு இன்சூரன்ஸ் முடிகிறது. எனக்கு அது தெரியவந்தது புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது.

மாமா என் அக்காவின் கணவர். பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவரிடம் இருபத்திரண்டு வயதான சிவப்புக் கார் ஒன்று இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கவிழ்ந்தாலும் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்தியிருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூம்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. மற்றவர்களுக்கு டயர் தேய்ந்ததுதான் மிச்சம்.

பழைய கம்பெனி இனி இந்த மாதிரிக் கார்களை எடுப்பதில்லை என்று ஒரு மாதம் முன்பே கடிதம் அனுப்பியிருந்தது. மாமா அதை மேசை டிராயரில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு “மறந்துட்டேன்” என்றார். அவர் எதையும் மறப்பவர் இல்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் தரகு அலுவலகத்தில். அன்று மதியமே மூன்று இடங்களுக்குப் பேசினேன். கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் முதல் கம்பெனி போனை வைத்தது. இரண்டாவது கம்பெனி கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். மூன்றாவதில் குறைவாக ஓடும் கார்களுக்கென்று ஒரு பாலிசி இருந்தது. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட வேண்டும். போட்டி நடக்கும் நேரத்துக்குக் காப்பு இல்லை. வீட்டில் நிற்கும்போதும் சாலையில் போய்வரும்போதும் உண்டு. கட்டணம் பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் எவ்வளவு ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்பதை ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் நான். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாதம்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள்.

“சொந்தக்காரங்க கேஸா?” என்றார் மேனேஜர். “அப்ப கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரும்மா. நாளைக்கு ரோட்டுல யாரையாவது இடிச்சு, அப்ளிகேஷன் பாரத்துல இருக்கறது பொய்னு தெரிஞ்சா, கம்பெனி கைய விரிச்சுடும். உங்க அக்கா வீட்ட வித்துத்தான் கட்டணும். உன்னையும் நான் வச்சுக்க முடியாது.”

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கார் ஷெட்டைத் திறந்துவிட்டார்.

“வாங்க சயின்டிஸ்ட். என்னென்ன சோதனை பண்ணப்போறீங்க?”

நான் இயற்பியல் படித்ததிலிருந்து அவருக்கு நான் சயின்டிஸ்ட்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

“கொஞ்சம் வெளிய எடுங்க மாமா. வெளிச்சத்துல போட்டோ வேணும்.”

“கிளட்ச் மக்கர் பண்ணுது. தள்ளிடலாம் வா.”

தள்ளினோம். அவர் பதிவுச் சான்றிதழை எடுக்க வீட்டுக்குள் போனபோது நான் மீட்டரைப் படமெடுக்க உள்ளே உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அதைவிட இன்னொன்று என்னை யோசிக்கவைத்தது. என் கால் வசதியாக எட்டியது. நான் ஐந்தடி ஓரங்குலம். மாமா ஆறடி.

மீட்டரில் 84,316. பழைய பாலிசிக்காகப் போன வருடம் எடுத்த படத்தில் 83,704. அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

“வருஷத்துல எத்தனை தடவை போனீங்க மாமா?”

“எட்டு போட்டி. அவ்வளவுதான்.”

“வேற எங்கயும் எடுக்கலையா?”

“எங்க எடுக்கறது? ஷெட்லயேதான் கெடக்கு.”

பேருந்தில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். ஓடுதளம் பதினோரு கிலோமீட்டர். போக வர இருபத்திரண்டு. எட்டு முறைக்கு நூற்று எழுபத்தாறு. ஓடுதளத்தில் ஓடியதைத் தாராளமாகச் சேர்த்தாலும் இருநூற்று முப்பத்தைந்தைத் தாண்டாது. மிச்சம் முந்நூற்று எழுபத்தேழு. அதாவது இன்னொரு பதினேழு முறை யாரோ ஓடுதளத்துக்குப் போய்வந்த தூரம். பாலிசிக்கு அது ஒன்றுமில்லை. இரண்டாயிரம்வரை ஓடலாம். பின் எதற்குப் பொய்?

இரவுச் சாப்பாட்டுக்கு முன், போட்டி நடத்தும் கிளப்பில் நேரம் குறிப்பவருக்குப் போன் செய்தேன். இன்சூரன்ஸ் விஷயம் என்று சொன்னதும் தாராளமாகப் பேசினார்.

“இருபத்தேழாம் நம்பர்தானே? சாரு ஓட்டி பத்துப் பதினோரு மாசம் ஆச்சும்மா. அந்த மேடம்தான் ஓட்றாங்க. வியாழக்கிழமை மூணு மணி பிராக்டீஸுக்குக்கூட ரெண்டு பேரும் ஜோடியா வருவாங்க. சாரு பக்கத்து சீட்டு.”

“மேடம் பேரு?”

“எனக்கு நம்பர்தான் ஞாபகம் இருக்கும். நல்லா ஓட்றாங்க. சாரவிட ரெண்டு செகண்ட் கம்மி. அதைச் சொன்னா அவருக்கு மூஞ்சி சுருங்கிடும்.”

போனை வைத்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். அக்கா அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அதன் சத்தம் கேட்டாலே தலைவலிக்கிறது என்பாள். லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்தவள். பல் செட் செய்யும் லேபில் வேலை. வியாழக்கிழமை ஆறு மணிவரை அங்கேதான் இருப்பாள். அவளுக்குப் போன் செய்தேன்.

“நாளைக்கு மூணு மணிக்கு எங்கக்கா இருப்ப?”

“லேப்லதான். நான் போகலைன்னா பல்லு தானா முளைக்குமா? ஏன் கேக்கற?”

“சும்மா.”

“நீ சும்மா எதையும் கேக்கறவ இல்லையே.”

யார் அந்த மேடம் என்று இரவெல்லாம் யோசித்தேன். பள்ளியில் வேலை செய்பவரா? நான் பார்த்த முகமா? அக்காவிடம் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனேன். வேலியோரம் டயர்கள் அடுக்கியிருந்தன. அதன் பின்னால் நின்றேன். சிவப்புக் கார் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வந்தது. ஒரு கூம்பும் சாயவில்லை. கோட்டைத் தாண்டி நின்றது. மாமா பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கினார். ஓட்டியவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

அக்கா.

முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நகத்தடியில் பல் அச்செடுக்கும் லேப் மாவு வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள்.

“டயருக்குப் பின்னாடி உனக்கு என்னடி வேலை?”

“யாரோ ஒரு மேடம் மாமாகூட வர்றாங்கன்னு சொன்னாங்க. நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்.”

அக்கா என்னையும் அவரையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “இவரையா? இவர்கூட நான் ஒருத்தி குப்பை கொட்டறதே பெருசு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை.

“அப்ப வேலை சுலபம்,” என்றேன். “உன் பேரைப் போட்டுடறேன்கா. வீட்டுக்காரர் காரை மனைவி ஓட்டலாம். தப்பே இல்ல.”

“வேணாம்,” என்றார் மாமா. “மெயின் டிரைவர் நான்தான். அவ பேரை வேணும்னா ரெண்டாவதாப் போட்டுக்கோ.”

“நீங்க ஓட்டி பத்து மாசத்துக்கு மேல ஆச்சாமே?”

“யார் சொன்னா? அந்த ஸ்டாப்வாட்ச் ஆளா? அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நகத்து மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். “அவரையே கேளு” என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள்.

ஒரு சந்தேகம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களா? எங்காவது யாரையாவது இடித்துவிட்டு மறைக்கிறாரா? மறுநாள் காலை லைசென்ஸ் எண்ணைச் சரிபார்த்தேன். செல்லுபடியாகிறது. விபத்து எதுவும் பதிவில் இல்லை. அக்காவை மட்டும் ஓட்டுநராகப் போட்டால் கட்டணம் எவ்வளவு என்றும் கம்பெனியைக் கேட்டேன். அதே தொகை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பாரத்தை விரித்தேன். பதினெட்டு மணி நேரம் இருந்தது. அக்கா அடுப்பருகே நின்றாள். மாமா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மூன்று பக்கம் பூட்டு, ஷெட், கூண்டு என்று மளமளவென்று போனது. நான்காம் பக்கம் ஓட்டுபவர் விவரம்.

“பேரு எழுதிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல. அக்கா பேரு மட்டும் போட்டா ஒரு பைசா ஏறாது மாமா. கேட்டுட்டேன்.”

“பணத்துக்கா சொல்றேன்?”

“பின்ன எதுக்கு?”

“பதினாலு வருஷமா அந்த எடத்துல என் பேருதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்குப் பெரியவர்களை எதிர்த்துப் பேச வராது. குனிந்து அடுத்த கேள்வியைப் படித்தேன். “ஓட்டுவதைப் பாதிக்கும் உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?”

“இல்லைன்னு போடு.”

அக்கா அடுப்பை அணைத்தாள். குழம்பு கொதிக்கும் சத்தம் அடங்கியது.

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன். “மாமா, இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். நேர்ல பார்த்தேன், எல்லாம் உண்மைன்னு.”

“தெரியும்மா.”

“தெரியாம போட்டா ஏமாந்தேன்னு சொல்லிக்கலாம். இப்ப அப்படிச் சொல்ல முடியாது. ஏதோ இருக்கு. என்னன்னுதான் தெரியல.”

அவர் அக்கா நின்ற பக்கம் தலையை முழுவதுமாகத் திருப்பினார்.

“என்னைப் பார்க்காதீங்க,” என்றாள் அக்கா. “நான் சொல்லமாட்டேன். அன்னிக்கே சொல்லிட்டேன், வண்டி ஓட்டித் தர்றேன், பொய் ஓட்டித் தரமாட்டேன்னு. நீங்கதான் சொல்லணும்.”

மாமா இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது இப்படித்தான் வைத்துக்கொள்வார் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள். நான் கேள்வியை இரண்டாம் முறை படிக்கவில்லை. காத்திருந்தேன்.

“உண்டுன்னு போடும்மா,” என்றார். “போன வருஷம் காய்ச்சல்னு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேனே, அது காய்ச்சல் இல்ல. ஸ்ட்ரோக். ரெண்டு கண்ணுலயும் இடது பாதி எனக்குத் தெரியாது.”