கசப்புக்குப் பின்னால்

“கசப்பு எனக்குத் தெரியுது. அதுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்க? அதைச் சொல்லு.”

அப்பா அவளிடம் முதன்முதலாக இப்படிக் கேட்டது, காய்ச்சலில் படுத்து எழுந்த வருஷம். போகிற காய்ச்சல் சும்மா போகாமல் அவருடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பியர் காய்ச்சிப் பிழைக்கிறவருக்கு மூக்கு போவதும் தையல்காரருக்குக் கண் போவதும் ஒன்றுதான். நாக்கில் கசப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால்தான் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் சிவப்பு பியரைப் பிடித்து மகளிடம் நீட்டி, முன்கடையில் இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். வளர்ந்த பிறகும் கடைக்குப் புது ஆள் வந்தால் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள். பத்திரிகைகளில் பியரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இருக்கிற வார்த்தைகள் எதுவும் அவளிடம் இல்லை. கண்ணை மூடி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். பின்னால் நின்றது யார் என்று பளிச்சென்று தெரிந்தது.

“அத்தை நிக்கிறாங்கப்பா.”

அப்பா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். அப்புறம் விஷயம் புரிந்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. ஊரின் மறுகோடியில் பேக்கரி வைத்திருப்பவள். அவள் கை, முடி, கைப்பை எல்லாவற்றிலும் உருகிய வெண்ணெய் வாசனை ஊறிக்கிடக்கும். பியரில் அந்த வாசனை வந்தால் பியர் இன்னும் பக்குவமாகி முடியவில்லை என்று அர்த்தம். தொட்டியைக் கொஞ்சம் சூட்டில் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வெண்ணெய் அப்படியே தங்கிவிடும்.

அன்றிலிருந்து அந்தக் குறைக்கு அந்த வீட்டில் பெயர் அத்தை. “அத்தை இருக்காங்களா?” “போயிட்டாங்கப்பா.” சரி, பீப்பாயில் நிரப்பலாம். மற்ற வாசனைகளும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கசப்புக்காகப் போடுகிற ஹாப்ஸ் பூவின் பிசின் வாசனைக்கு மரக்கடைக்காரர். கூடவே ஆரஞ்சு வாசனை வந்தால் மரக்கடைக்காரர் ஆரஞ்சு உரிக்கிறார். முளைகட்டிச் சிவக்க வறுத்த பார்லியான மால்ட் வாசனைக்கு, சர்க்கரையைத் தீய விட்டுவிட்டு முழிக்கிற டீக்கடைக்காரர். அவள் ஆட்களைச் சொல்லச் சொல்ல, அப்பா தலையாட்டிக்கொண்டே அடுத்த தடவை காய்ச்சுவதற்கான அளவை மனதுக்குள் மாற்றிக்கொள்வார். “வாயில வந்ததைச் சொல்லு. எனக்குப் பிடிச்சதைச் சொல்லாதே” என்பது மட்டும்தான் அவர் போட்ட ஒரே சட்டம்.

இந்தப் பாஷை தெரிந்த மூன்றாவது ஆள் ரேடியோ. கடையில் குழாயைத் திருகி பியர் ஊற்றிக் கொடுக்கிறவர். பாட்டில் நிரப்புகிற மிஷின் பக்கத்தில் நின்றே காது மந்தமாகிவிட்டதால், ரகசியத்தைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். பெயர் அப்படி வந்ததுதான்.

வருஷங்கள் கழித்து, கடைக்கு மேலே இருந்த வீட்டில், அப்பா அதே கேள்வியைப் படுக்கையிலிருந்து கேட்டார். கேட்டார் என்பதைவிட உதடு அசைந்தது என்பதுதான் சரி. ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தார்கள். படுப்பதற்கு முன் அவர் கடைசியாகக் காய்ச்சிய சிவப்பு பியர் கீழே தொட்டியில் கிடந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் யாரோ அதை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டிருந்தார்கள்.

அவள் பஞ்சை பியரில் நனைத்து அவர் உதட்டில் தொட்டாள். அவர் நாக்கு மெல்ல வெளியே வந்து கசப்பைத் தேடி எடுத்துக்கொண்டது.

“பின்னாடி…” என்றார்.

அவள் கிளாஸை முகர்ந்தாள். மரக்கடைக்காரர் தூரத்தில் நின்றிருந்தார். அவரை மறைத்துக்கொண்டு வெண்ணெய்.

நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவர் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அத்தை வந்திருக்காங்கப்பா.”

அப்பா முகம் சுளிக்கவில்லை. மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். “இருக்கட்டும்மா. அவசரப்படுத்தாதே. சூடா வெச்சுக்கோ. அவங்களே சரியாயிடுவாங்க.”

பின்னால் விசும்பல் கேட்டது. அறை வாசலில் சித்தப்பா, வாங்கிவந்த மருந்துப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சித்தப்பா கடைப் பக்கம் வருகிறவர் இல்லை. அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவில் வருஷக்கணக்காகக் கிழிந்து கிடந்ததை ஒட்டப்போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இது பியர் பேச்சு என்று சொல்ல மகள் வாயைத் திறப்பதற்குள், அவர் வராந்தாவில் நின்று போனில் அழுதுகொண்டிருந்தார்.

“அக்கா, உடனே கிளம்பு. அண்ணன் உன் நினைப்பாவே இருக்காரு. நீ வந்துட்டதாவே நெனச்சுக்கிட்டு, ‘அக்காவை அவசரப்படுத்தாதீங்க, நல்லா வெச்சுக்கங்க’ன்னு சொல்றாரு அக்கா. என் காதால கேட்டேன்.”

அத்தை வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். மதியம், ஜன்னல் திரையை இழுத்துவிட அவள் எழுந்து போய்த் திரும்புகிற நேரத்தில்.

*

அக்கா தம்பி சண்டைக்குக் காரணமும் அந்தச் சிவப்பு பியர்தான்.

கடை திறந்த அன்று முதல் கிளாஸை அப்பா தன் அக்காவிடம்தான் கொடுத்தார். அத்தையோ மனதில் பட்டதை மென்று முழுங்கத் தெரியாதவள். சாவு வீட்டில்கூட டீ சரியில்லை என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு வாய் குடித்தாள், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “என்னடா இது, துருப்பிடிச்ச ஆணியை ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கு?” என்றாள்.

கடையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. “உன் பிஸ்கட்டைக் கடிச்சுப் பல்லு போனவங்க எல்லாம் இங்கதான் வந்து குடிக்கிறாங்க” என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கும் கடை சிரித்தது. அத்தை பையை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் கேலியாக “ஒரு ஆணி குடுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் ஏணியைப் போட்டு ஏறி, முன்கடையில் பியர் பெயர்கள் எழுதுகிற பலகையில் தன் கையாலேயே ‘ஆணி’ என்று எழுதினார். கடையில் அதிகம் போனது அதுதான்.

*

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அத்தை போகவில்லை. “பொண்ணு தனியா இருக்கா” என்று சொல்லி, அம்மா இல்லாத அந்த வீட்டின் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துக் குறை சொன்னாள். கத்தி மொக்கை, அடுப்புப் பற்றவைக்கிற லட்சணம் சரியில்லை, ஜன்னல் துடைத்து எத்தனை காலம் ஆச்சு. சொல்லிக்கொண்டே துடைத்தாள்.

ஆனால் சாயங்காலங்களில் அவள் குரல் இறங்கிவிடும்.

“நெஜமாவே அப்படிச் சொன்னானாடி?”

தம்பி மகள் பாத்திரம் துலக்குவதில் மும்முரமாக இருப்பாள்.

“‘அவசரப்படுத்தாதே’ன்னா சொன்னான்? வீம்பு புடிச்சவன். எங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரலை பாரு. உன்கிட்ட சொல்லியிருக்கான்.” அத்தை மூக்கை உறிஞ்சுவாள். “போதும். எனக்கு இது போதும்.”

அந்தப் ‘போதும்’தான் அவளைக் கட்டிப்போட்டது. அதை அத்தையிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனமில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதுமில்லை. அத்தைக்குக் கால் சில்லிடுகிறது என்றால் வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுத்தாள், அப்பாவின் கம்பளியை எடுத்துப் போர்த்தினாள். அப்பா சொன்னபடி அத்தையைச் சூடாக வைத்துக்கொள்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

கீழே தொட்டியையும் சூட்டில் வைத்திருந்தாள். அதில்தான் சிக்கல். நாளுக்கு இரண்டு தடவை இறங்கிப்போய்க் கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்த்தாள். வெண்ணெய் வாசனை இருந்தது. ஆனால் அது கிளாஸிலிருந்து வருகிறதா, தன் முடியிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. அத்தை வீடு முழுக்க இருந்தாள். தலையணையில் இருந்தாள், துண்டில் இருந்தாள், படிக்கட்டில் இருந்தாள். அப்பாவின் கடைசிப் பியர் முடிந்துவிட்டதா இல்லையா என்று அவளுடைய மூக்கால் சொல்ல முடியாமல் போனது. மூக்கைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

*

கடையை மறுபடி திறப்பது பற்றிப் பேச ரேடியோ காலையில் வந்தார். பின்வாசல் வழியாக நேரே தொட்டி அறைக்குள் வந்து, குழாய் அருகே நின்றிருந்த அவளைப் பார்த்துக் கத்தினார்.

“என்னம்மா, அத்தை போயிட்டாங்களா?”

அவள் வேகமாகக் கையை ஆட்டினாள். அவர் பின்னால் படிக்கட்டில், இரண்டு டீக் கோப்பைகளோடு அத்தை இறங்கிவந்துகொண்டிருந்தாள்.

கையாட்டியதை ரேடியோ வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். “இன்னும் போகலையா? சனியன், இந்தத் தடவை விடாம ஒட்டிக்கிச்சே! அய்யா இருந்தா இந்நேரம் விரட்டியிருப்பாரு.”

“எந்த அத்தை?” என்றது அத்தையின் குரல்.

சத்தம் மட்டும்தான் ரேடியோவுக்கு எட்டியது, யார் குரல் என்பது எட்டவில்லை. திரும்பாமலே விளக்கினார். “அதாங்க, பியர்ல வெண்ணெய் நாத்தம் வருமே, அதுக்கு இங்க அத்தைன்னு பேரு. அய்யா சாகற அன்னிக்குக்கூட இதே பேச்சுதானாமே, அவர் தம்பி சொன்னாரு. அத்தை வந்திருக்காங்கன்னு பாப்பா சொல்லிச்சாம், இருக்கட்டும், சூடா வெச்சுக்கோன்னு…” சொல்லிக்கொண்டே திரும்பினார்.

அவள் இதுவரை கேட்டறியாத தணிந்த குரலில் ரேடியோ, “நான் அப்புறமா வரேம்மா” என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கோப்பைகளை எங்கே வைப்பது என்று அத்தை தேடினாள். கடைசியில் தரையிலேயே வைத்தாள்.

“இதைத்தான் சொன்னானா?”

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அவர் சும்மா உளறுகிறார் என்று சொல்லலாம். அதை அத்தை நம்பவும் செய்வாள், நம்பத்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லச் சொன்ன ஆளின் தொட்டி பக்கத்தில் லேசாகக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

அத்தை சுவரைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். முன்கடைக்குப் போகிற கதவு திறந்துகிடந்தது. அதன் வழியாகப் பலகை தெரிந்தது. இத்தனை நாளும் பின்கட்டிலேயே இருந்தவள், அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தாள். தம்பியின் கோணல் கையெழுத்தில் பெரிதாக ‘ஆணி’. ஒரு தடவை வாசித்து, மறுபடியும் வாசிக்கிற மாதிரி அவள் உதடு அசைந்தது.

“அதுல கொஞ்சம் ஊத்து” என்றாள்.

அவள் குழாயைத் திருகினாள். பியர் கருஞ்சிவப்பாக இறங்கியது, மேலே பழுப்பு நுரை ஏறி நின்றது. முழுக் கிளாஸாகக் கொடுத்தாள்.

அத்தை பீப்பாய் மேல் உட்கார்ந்து குடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் வெகுநேரம் ஆனது. கசப்பு ஏறும்போது கழுத்து நரம்பு இறுகித் தளர்வது தெரிந்தது. நுரை ஒவ்வொரு மடக்குக்கும் கிளாஸின் உட்புறத்தில் ஒரு வளையம் விட்டுக்கொண்டே இறங்கியது.

கேட்கலாமா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். கேட்க இனி வேறு ஆள் இல்லை.

“கசப்புக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்க, அத்தை?”

அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எது சரியில்லை என்றாலும் உடனே சொல்லிவிடுகிற வாய் லேசாகத் திறந்தது. திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்து, மூடிக்கொண்டது. அடியில் ஒரு வாய் மட்டும் மிச்சம் வைத்து, கிளாஸை அவள் கையில் கொடுத்தாள். மேலே போனாள். கைப்பையோடு இறங்கிவந்தாள். அப்பாவின் கம்பளி மடித்து அத்தையின் கையிடுக்கில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கிறாளோ என்று அவள் கை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை.

அவள் கிளாஸைத் தூக்கி முகர்ந்தாள். வெளியே, விரல்கள் பிடித்திருந்த இடத்தில், வெண்ணெய். உள்ளே மரக்கடைக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் தீய்ந்த பாத்திரத்தோடு நின்றார். வேறு யாரும் இல்லை.

பியர் பக்குவமாகிவிட்டது என்று சொல்வதற்காக நிமிர்ந்தாள். அத்தை முன்கடை வழியாக, பலகையின் கீழே ஒரு கணம் நின்று, படியிறங்கித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.