கெலெடெக்கும் கற்பூரமும்

என் வாயைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். நரம்பில்லாத நாக்கு. இந்தக் கதையை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். இதை இன்னொருவர் சொல்லிக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

என் அண்ணன் பழனியப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சுங்கை சிப்புட்டில் செம்பனை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இடது கால் பெருவிரலில் ஆறாத ஒரு புண்ணோடு ஈப்போவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இனிப்பு நீர். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நானும் தனியாள்தான். "நான் பாத்துக்கிறேன் டாக்டர்" என்று பெரிய மனுஷியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்த அன்றே சோற்றை நிறுத்தினேன். சீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சோற்றுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிட்டால் சர்க்கரை தானாக இறங்கும் என்று கைப்பேசியில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் யார், என்ன படித்தவர் என்று நான் கேட்டேனா? புந்தோங் சந்தைக்குப் போய் பீடோர் கெலெடெக் கிழங்கு ஐந்து கிலோ வாங்கி வந்தேன். அவித்துப் பார்த்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு அண்ணன் தட்டைத் தள்ளினார்.

சும்மா இருப்பேனா? ஓவனில் சுட ஆரம்பித்தேன். கிழங்கை வாங்கியதும் சுடக் கூடாது, இரண்டு வாரம் காற்றாட வைத்திருக்க வேண்டும் என்று சந்தைக்காரி சொல்லிக் கொடுத்தாள். தோலோடு கழுவித் துடைத்து, மெதுவான சூட்டில் இரண்டு மணி நேரம் விட்டால், தோல் சுருங்கி வெடித்துத் தேன் மாதிரி ஒன்று வடிந்து தட்டில் கருகும். வீடே மணக்கும். காலையில் பிளந்து தேங்காய்ப்பூ தூவிக் கொடுத்தேன். மத்தியானம் எலுமிச்சையும் மிளகாய்த் தூளும். சாயங்காலம் நெத்திலி சம்பல் வைத்து. அண்ணன் தோலைக்கூட விடாமல் சாப்பிட்டார். "இன்னொன்னு இருக்கா பூமணி?" என்று கேட்டார். ஒரு மணி சீனி சேர்க்காமல் மனிதரை இப்படிச் சாப்பிட வைத்துவிட்டேனே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் நான்தான் அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். ஏழுக்குள் இருக்க வேண்டும் என்பது கிளினிக் கணக்கு. ஆரம்பத்தில் ஒன்பது. சுட்ட கிழங்கு தொடங்கிய இரண்டாம் வாரம் பதின்மூன்று. அப்புறம் பதினைந்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அடுப்படியில் வேகிறேன், இவர் எங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். தினம் காலையில் பேப்பர் படிக்கிறேன் என்று தெருமுனையில் ஜைனுலாப்தீன் பாய் தேநீர்க் கடைக்குப் போவார். நேராக அங்கே போய் நின்றேன்.

"பாய், எங்கண்ணனுக்கு யாரு இனிப்பா தே தாரேக் ஊத்திக் குடுக்கிறது?"

"அக்கா, அவரு தே ஓ கோசோங்தான் குடிக்கிறாரு. சீனி பக்கமே போமாட்டாருலா."

"நீங்க யாவாரம் பண்றவரு. வேற எப்படிச் சொல்லுவீங்க?"

அண்ணன் எழுந்து நின்றார். அவர் முன்னால் இருந்த கிளாஸில் பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் கறுப்புத் தேநீர். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஒண்ட வந்த எடத்துல திருடித் திங்கிறியே, வெக்கமா இல்லையாண்ணே?"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்தார்.

அதோடு விட்டேனா? நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும் சரி, சங்கிலி காணாமல் போனாலும் சரி, வழக்கு காளியம்மன் கோயிலில் போய்த்தான் முடியும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்குமேல் அந்த ஆளை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அன்று சாயங்காலம் வீட்டுச் சாமி மேடையில் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீ குடுக்கிறதத் தவிர எதையும் நான் தொடல, ஆத்தா மேல சத்தியம்" என்று சொல்லி அண்ணன் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

மறுநாள் காலையில் பதினேழு.

"சாமிகிட்டயே பொய்யா?" என்றேன். கற்பூரம் அணைத்த மனிதரை மறுபடி கேட்ட பாவி, எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து கடைக்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தார், நான் கொடுத்ததைத்தான் சாப்பிட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? "ராத்திரியில எந்திரிச்சித் திங்கிற போல" என்று சொல்லிச் சாமான் அலமாரியைப் பூட்டினேன். பாவம், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று கிழங்கைக் கொஞ்சம் கூடுதலாகவும் சுட்டேன்.

இரண்டு மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்தார். விரல் கறுத்திருந்தது. வருகிற புதன்கிழமை எடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு சாப்பாட்டு விஷயம் பேச எங்களை மெஹ்ரீன் என்ற தாதியிடம் அனுப்பினார்.

"அங்கிள் என்ன சாப்பிடுறாரு ஆன்ட்டி?"

நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரம் வைத்திருப்பது, இரண்டு மணி நேரம் சுடுவது, தேன் வடிவது, ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆன்ட்டி, அவ்வளவு நேரம் சுட்டா கிழங்குல இருக்கிற மாவு சீனியா மாறிடும். நீங்க தேன்னு சொல்றீங்களே, அது சீனிதான். அவிச்சதுல சின்னதா ஒண்ணு சாப்பிட்டா வேற கதை. இவ்வளவு சாப்பிட்டா ஏறத்தான் செய்யும். விரலுக்கு இது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா சர்க்கரை ஏறினதுக்கு வேற எதையும் தேட வேணாம்."

என்னால் அண்ணன் பக்கம் திரும்பவே முடியவில்லை. ஊரெல்லாம் திருடனைத் தேடினேனே, அடுப்படியில் கரண்டி பிடித்து நின்றது யார்? அந்த மனிதரை எத்தனை பேர் முன்னால் நிறுத்தி வைத்தேன்.

காரில் ஏறினோம். வாசலைத் தாண்டிச் சிக்னலில் நின்றபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணே, என்னை..."

"அந்தப் புள்ள சொன்னது நெசமா பூமணி?"

"நெசந்தாண்ணே. நீ ஒரு தப்பும் பண்ணல. எல்லாம் நான் சுட்டுக் குடுத்ததுதான்."

"அப்ப நான் எதையும் எடுத்துத் திங்கல?"

"இல்லண்ணே."

அண்ணன் நீளமாக மூச்சு விட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டு இரண்டு அறை விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

"ஆத்தா மேல சத்தியம் பண்ணியும் ஏறுச்சா, பயந்துட்டேன்லா. தூக்கத்துல எனக்கே தெரியாம எந்திரிச்சிப் போறேனோன்னு. நீயும் அப்படித்தானே சொன்ன. அதான் கயித்த எடுத்து, நல்ல கால கட்டிலோட சேத்து இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்தேன். இன்னியோட பத்து நாளாச்சு."

குனிந்து வலது கால் சிலுவாரின் விளிம்பைத் தூக்கினார். கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த இடத்தில் தோல் வழன்று, ஒரு பக்கம் சீழ் வைத்திருந்தது.

விளக்கு பச்சைக்கு மாறியது. நான் காரைக் கிளினிக்குக்கே திருப்பினேன்.