யதுஷாவின் பாஸ்போர்ட்

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் உலகப்படம் வேறு. அதில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. உள்ளே விடுகிற நாடு, விடாத நாடு, அவ்வளவுதான். டுபாயின் கராமாவில் கஜாலினியோடு ஒரே ஃபிளாட்டில் இருந்த பெண்கள் விடுகிற நாடுகளை விரல் மடக்கிச் சொல்வார்கள். டுபாய் விசா இருந்தால் ஜோர்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான். நாலாவது விரல் அல்பேனியாவுக்கு. தன் சனத்தை வெளியே விடாமல், பிறத்தியாரை உள்ளே எடுக்காமல், நாற்பது வருஷத்துக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாடாம். இப்போது யாரைக் கண்டாலும் வா வா என்கிறதாம்.

பெருநாள் லீவுக்கு மற்றவர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். கஜாலினி போனது படம் எடுக்க அல்ல. அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடுகிறார்கள். இரண்டு மாதத்தில் விசா கான்சல். கணவன் தயாபரன் நாலு வருஷத்துக்கு முன் வேறொருத்தியோடு கட்டாருக்குப் போனவன், போனவன்தான். ஊருக்குத் திரும்பினால் இருக்க வீடில்லை. டுபாயிலேயே வளர்ந்த மகள் தர்மிகாவுக்கு ஒன்பது வயது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

வழி சொன்னவன் சுவிஸில் இருக்கும் அண்ணன் சஜீவன். அவனுடைய ஒரே மகள் யதுஷா இரத்தப் புற்றுநோயில் போய் ஒன்றரை வருஷம். அவளுடைய சுவிஸ் பாஸ்போர்ட்டை அவன் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாமன் மகளும் மாமி மகளுமான மச்சாள்மார், யதுஷாவுக்கும் தர்மிகாவுக்கும் ஒரே வயது, ஒரே நெற்றி, ஒரே மூக்கு. அல்பேனியாவின் தென்கோடியில் சரண்டா என்றொரு துறைமுகம். அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கிரேக்கத் தீவு, ஐரோப்பா. தர்மிகா மாமாவோடு யதுஷாவாகக் கப்பலேறுவாள். கஜாலினி டுபாய் திரும்பி, அண்ணன் தனக்கும் ஒரு வழி பார்க்கும்வரை காத்திருப்பாள்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. அக்காவின் பாஸ்போர்ட்டில் தங்கச்சி, சித்தப்பாவின் பாஸ்போர்ட்டில் பெறாமகன் என்று எத்தனை பேர் பாரிசுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கஜாலினிக்கும் அது பாவமாகத் தெரியவில்லை. போன பிள்ளையின் பெயரில் இருக்கிற பிள்ளை பிழைக்கட்டும் என்றே நினைத்தாள்.

சரண்டாவுக்குப் போகும் வழியெல்லாம் தோட்டத்திலும் கடற்கரையிலும் கவிழ்த்து வைத்த சட்டிகள் மாதிரி கொங்கிறீட் பதுங்குகுழிகள். வராத எதிரிக்காகக் கட்டியவையாம். ஒன்றுக்குள் ஆடு கட்டியிருந்தார்கள். ஊரில் சண்டைக்காலத்தில் பதுங்குகுழிக்குள் வளர்ந்த அண்ணனும் தங்கையும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சுவிஸிலிருந்து வந்த அண்ணனை எட்டு வருஷத்துக்குப் பிறகு கண்டதில், சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான். காரோட்டி கடலுக்கு அப்பால் தெரிந்த தீவைக் காட்டினான். அந்தக் காலத்தில் அங்கே நீந்திப் போகப் பார்த்தவர்களைச் சுட்டுவிடுவார்களாம். அவனுடைய தாய்மாமனும் ஒரு நாள் இறங்கினவராம். போய்ச் சேர்ந்தாரா என்று கஜாலினி கேட்கவில்லை.

இரண்டு நாள் பாடம் நடந்தது. சஜீவன் அதிகாரி மாதிரிக் கேட்க, தர்மிகா பதில் சொன்னாள்.

"உங்கட பேர் என்ன?"

"யதுஷா சஜீவன்."

"எங்க இருக்கிறீங்கள்?"

"பேர்ன்."

"இவர் ஆர்?"

"மை டாட்."

"அப்பா எண்டு சொல்லோணும், ராசாத்தி."

சஜீவன் ஒரு நீல ஜாக்கெட் கொண்டுவந்திருந்தான். பிள்ளைக்கு அது அளவாக இருந்தது. சிப்பை மேலே இழுத்துவிட்டு, கொலரைச் சரிபண்ணி, ஜாக்கெட்டின் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டான். அது அளவு பார்க்கிற ஆளின் கை அல்ல, பெற்றவனின் கை. கஜாலினி அந்த மடிப்பை அவிழ்த்துத் தானே மடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, கப்பலுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்க, விடுதிப் பல்கனியில் சஜீவன் கோப்பி குடித்தபடி சொன்னான். "அண்ணி அறையெல்லாம் அடுக்கி வைச்சிட்டா. அதே கட்டில், அதே மேசை. வேற ஊருக்கு வீடு மாறுறம். அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"ஏன் அண்ணா, அங்க போனாப் பிறகு சொந்தப் பேரில பதியலாம் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அது கரைச்சலடி. யதுஷாவாவே இருக்கட்டும்." கடலைப் பார்த்தபடி சொன்னான். "நீ ஒரு வருஷத்துக்கு போன் எடுக்காதை. வீடியோவும் வேண்டாம். உன்ர முகத்தைப் பாத்தா அவ எங்களோட ஒட்டமாட்டா."

"எனக்கு ஒரு வழி பாக்கிறன் எண்டீங்களே?"

"பாப்பம்."

அவனை அவளுக்குக் கோபிக்கத் தெரியவில்லை. ஏமாற்றுகிறவன் இப்படிக் கண் கலங்கமாட்டான். தான் கெட்டது செய்கிறான் என்றே அவனுக்குத் தெரியாது. பிள்ளை செத்த வீட்டுக்குப் பிள்ளை போகிறது, அவ்வளவுதான் அவனுக்கு. மாட்டேன் என்றால் இரண்டு மாதத்தில் விசா முடிய என்ன செய்வாள்? உள்ளே போய்ப் பிள்ளையின் தலையை இழுத்துப் பின்னிவிட்டாள்.

துறைமுகத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. டிக்கெட் உள்ளவர்கள் அந்தப் பக்கம், வழியனுப்ப வந்தவர்கள் இந்தப் பக்கம். தர்மிகா அழவில்லை. படித்த பாடத்தைப் பரீட்சையில் எழுதப் போகிற பிள்ளையைப் போல விறைப்பாக மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். முன்னே நாலு பேர் இருந்தார்கள், பிறகு இரண்டு பேர். முறை வந்ததும் இரண்டு பாஸ்போர்ட்டையும் கவுண்டரில் நீட்டிவிட்டு, சஜீவன் குனிந்து ஏதோ கேட்டான். பிள்ளை அண்ணாந்து பார்த்து, "ஓம் அப்பா" என்றாள்.

பிழையில்லாத தமிழ். அந்தத் தமிழ்தான் கஜாலினியின் நெஞ்சில் இடித்தது. ஊரோ காடோ, பட்டினியோ, எதுவாகவும் இருக்கட்டும்.

"தர்மிகா!" கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "வா பிள்ளை! அம்மாட்ட வா!"

பிள்ளை ஒரு கணம் மாமாவைப் பார்த்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு ஓடிவந்து, கயிற்றுக்குக் கீழே நுழைந்து, தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் அடக்கிய அழுகை அப்போதுதான் வெடித்தது.

சஜீவன் கவுண்டருக்கு முன்னால் தனியாக நின்றான். இரண்டு பாஸ்போர்ட்டும் அதிகாரியின் கையில் இருந்தன. அதிகாரி ஒன்றை விரித்து, படத்தை விரலால் தட்டி, இந்தப் பிள்ளை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சஜீவனுக்கு ஆங்கிலம் தெரியும், ஜெர்மன் தெரியும். எதுவும் வரவில்லை.

"செத்துப்போனா" என்றான் தமிழில்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டான்.

"என்ர பிள்ளை செத்துப்போனா ஐயா" என்று சஜீவன் உரத்துச் சொன்னான். சொல்லிவிட்டுக் கவுண்டரின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான்.

அந்தக் கூடத்தில் அது விளங்கியது கஜாலினிக்கு மட்டும்தான். மகளின் கையை விடாமல் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் போனாள்.