பெரியவள், சின்னவள், ஒரு லிஃப்ட்

1

இந்தக் கதையை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கண் மூடியிருந்தது. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை காத்திருக்கச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மருந்து விட்டவர் அங்கே பரிசோதகராக வேலை பார்க்கும் பெண். என் கண்ணாடியை முன்பே கழற்றி வைத்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. "நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க சார்" என்றார்.

சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. "வலது கண்ணுக்குக் கொஞ்சம் கம்மியா விட்ட மாதிரி இருக்கே" என்று சீண்டினேன்.

போய்விட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ரெண்டுக்கும் சமமாத்தான் விட்டேன்" என்றார். உட்கார்ந்துகொண்டே, "சமமா கொடுக்கறது கண்ணுக்குத்தான் சார் முடியும்" என்றார்.

பிறகு சொன்னார். முன்பின் தெரியாத என்னிடம் ஏன் சொன்னார் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கதையில் எங்காவது 'அவள் கண் கலங்கினாள்' என்று வந்தால் அது என் கைச்சரக்கு, நம்பாதீர்கள்.

(இனி 'அவர்' அவளாகிவிடுவார். மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்தில் உட்கார எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவளுக்கு—

மழை பெய்ததாக அவள் சொல்லவே இல்லை. கதை எழுதும் எங்கள் ஆட்களுக்குப் பிரசவம் என்றாலே மழை வேண்டும். அடித்துவிட்டேன்.

உலகத்தைப் பார்க்க அந்த இரட்டையருக்கு அப்படி என்ன அவசரமோ—

குறைமாதப் பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அவசரமும் இல்லை. இன்னும் உள்ளே விட்டால் சின்னவள் தங்கமாட்டாள் என்று மருத்துவர் சொன்னார், அறுத்து எடுத்தார்கள். இதில் அவசரப்பட்டது மருத்துவர்தான், அதுவும் நியாயமாக.

மூன்றாவது முறை இப்படி எழுதினேன்: அவளுக்கு நாள் ஆகுமுன்பே இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டையும் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள்.

இது நிற்கட்டும். இதில் நான் இல்லை.

3

முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஜன்னல். அதன் வழியாகக் கையை விட்டு முதன்முதலாகப் பெரியவளின் முதுகைத் தடவினாள். பெரியவள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். சின்னவளுக்கு முன்னால் வெளியே எடுத்த பிள்ளை, அவ்வளவுதான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள்.

"தடவாதீங்கம்மா" என்றாள் நர்ஸ். "அந்தத் தோலு தாங்காது. ஒரு கையைத் தலையில வைங்க, ஒரு கையைக் காலடியில வைங்க. வெச்சுட்டு அசையாம இருங்க."

பிள்ளையை அசையாமல் தொடுவது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களைக் கேட்டால்தான் தெரியும். கை தன்னால் தட்டிக்கொடுக்கப் போகும். அவள் கற்றுக்கொண்டாள். இந்தப் பெட்டியில் கொஞ்ச நேரம், அந்தப் பெட்டியில் கொஞ்ச நேரம். கையைச் சும்மா வைத்திருப்பதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள், அதில் ஒரு பெருமையும் இருந்தது. புதிதாக வரும் தாய்மார்களுக்கு நர்ஸ் அவளைத்தான் காட்டுவாளாம்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி வந்தது. பெரியவள் எடை போட்டுவிட்டாள், தானாகவே பால் குடிக்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் மருத்துவர்.

"இன்னொண்ணு?"

"அது இருக்கணும்மா. இன்னும் மூக்கு வழியாத்தானே பால் போகுது."

ஒரு பிள்ளை வீட்டுக்கு, ஒரு பிள்ளை பெட்டிக்குள். தாய் ஒருத்திதான். சின்னவளை மார்பில் வைத்துப் பழக்க வேண்டும், அதற்குத் தாய்தான் வேண்டும். பெரியவளுக்குப் பாலைக் கறந்து அனுப்பிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. யாரும் அவளிடம் அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. வார்டு வாசலில் பெரியவளைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தார்கள்.

"இவளை நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன். "நீ அவளைப் பாரு."

4

இந்தக் கணவனிடம் நான் நிறையத் தடுமாறினேன். முதல் வரைவில் அவனைப் பற்றி எழுதியது இது:

சுலபமான பிள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவன் கழன்றுகொண்டான்—

இப்படி ஒரு கணவன் கதைக்கு ரொம்ப வசதி. உங்களுக்கும் திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடும். ஆனால் அவள் சொன்னது வேறு. "அவர் நல்லாத்தான் சார் பாத்துக்கிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு."

ஆகவே அவனை நல்லவனாகவே எழுத வேண்டியிருக்கிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவன். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் தனியாகக் கைப்பிள்ளையுடன் உட்கார்ந்தான். பெரியவள் தூங்கவே மாட்டாள். தோளில் போட்டான், நடந்தான், பாடினான். பாட்டு கேட்டு அழுகை கூடியது. ஒருநாள் குப்பையைக் கொட்ட அவளையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினான். கீழே போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிட்டாள். மோட்டாரின் உறுமலா, கிளம்பும்போது வரும் சின்னக் குலுங்கலா, எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து பிள்ளை அழுதால் லிஃப்ட்தான். மேலே, கீழே, மேலே. அந்தக் கட்டடத்தில் யாரும் லிஃப்டுக்குள் சத்தமாகப் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. பிறகு அதே குலுக்கலைத் தோளிலேயே போடப் பழகிக்கொண்டான். வாயால் மோட்டாரும் ஓட்டினான்.

இதையெல்லாம் தொலைபேசியில் அவளுக்குப் பெருமையாகச் சொன்னான். அவள் சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பால் வாங்க அவன் வாடகைக் காரில் பெரியவளையும் தூக்கிக்கொண்டு வருவான். தொற்று வரும் என்று பிள்ளையைக் காரிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவான். அவள் வெளியே நின்று பார்ப்பாள். வண்டி ஓடிய சுகத்தில் பெரியவள் எப்போதும் தூக்கத்தில் இருப்பாள். அந்த வாரங்களில் பெரியவள் கண் திறந்திருந்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

(ஊரார் கண்ணையெல்லாம் திறந்து பார்ப்பது அவள் வேலை என்று இங்கே ஒரு வரி எழுதினேன். சாமர்த்தியமான வரி. எடுத்துவிட்டேன். எடுத்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, பாருங்கள்.)

5

சின்னவளும் ஒருவழியாக வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. அதிலிருந்து மெல்லிசான குழாய் ஒன்று அவள் மூக்குக்குப் போகும். கொஞ்ச நாளைக்கு அதைக் கழற்றக் கூடாது.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். பிறகு,

பெரியவளின் பிஞ்சுக் கை மெல்ல நகர்ந்து சின்னவளின்—

நகரவில்லை. மூடிய கண்ணோடு நானே கேட்டேன்: "ரெண்டையும் சேர்த்துப் போட்டதும் என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ஒண்ணு தூங்குச்சு, ஒண்ணு அழுதுச்சு."

அழுதது பெரியவள். பிள்ளையை அம்மா ஆசையாக எடுத்து மடியில் வைத்து, தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஒரு கை தலையில், ஒரு கை காலடியில், அசையாமல். பெரியவள் வீறிட்டாள். இவள் இன்னும் அசையாமல் இருந்தாள். பிள்ளை நீலம் பாய்கிற அளவுக்குக் கத்தியது.

"ஆட்டணும். ஆட்டினாத்தான் அவளுக்கு" என்று கணவன் வாங்கிக்கொண்டான். ஒரு குலுக்கு, வாயில் மோட்டார். அழுகை நின்றுவிட்டது.

அந்த உற்சாகத்தில் அவன் சின்னவளையும் குழாயோடு தூக்கி அதேபோல் ஒரு குலுக்கு குலுக்கினான். சின்னவளின் உதடு வெளுத்தது. அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். "ஆட்டாதீங்க. இவளை ஆட்டக் கூடாது."

அவன் வெறும் கையோடு நின்றான். பாவமாக இருந்ததாம் அவளுக்கு. தன்னைப் பார்த்தும் பாவமாக இருந்ததாம். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை வளர்த்திருந்தார்கள்.

"பெரியவளை எனக்குத் தெரியல சார்" என்றாள். "நான் பெத்த பிள்ளை. எனக்குத் தெரியல."

6

விடுப்பு முடிந்து அவன் வேலைக்குப் போனான். வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. சொந்தபந்தம் நிறைய, எல்லாரும் தொலைபேசிக்குள் இருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும் மெஷினும்தான். அந்த மெஷின் ஓயாமல் மூச்சு விடும். பேசுவதற்கு அதையாவது துணைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியதாம்.

சின்னவளின் குழாய் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு எட்டும். இழுத்துப் பிடித்தால் வாசல்படிவரை எட்டும். லிஃப்ட் அதைத் தாண்டி இருந்தது.

ஒருநாள் முற்பகல் பெரியவள் அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தாள், வேண்டாம். கையை வைத்து அசையாமல் இருந்து பார்த்தாள், வேண்டாம். ஆட்டிப் பார்த்தாள். அசையாமல் இருக்கப் பழகிய கைக்கு ஆட்ட வரவில்லை. வெட்கத்தை விட்டு வாயால் மோட்டார் ஓட்டினாள். பெரியவள் சட்டென்று கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துவிட்டு முன்னைவிடப் பலமாக அழுதாள்.

"நீ யாருன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு சார்."

கணவனைக் கூப்பிட்டாள். அவன் எங்கோ ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தான், போன் மேலே பையில் அடித்தது. அழுகையோ நிற்கவில்லை. சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பினால் மூக்கிலிருந்து குழாய் நழுவிவிடும். அடிக்கடி நழுவும்.

அவள் பெரியவளைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல் கதவை அகலத் திறந்து முக்காலியை முட்டுக் கொடுத்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"லிஃப்ட் வந்துச்சு சார். அந்தச் சத்தத்துக்கே பெரியவ அழுகையை நிறுத்திட்டா. கதவு திறந்துச்சு. ஒரு காலை உள்ள வெச்சேன். வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரல. அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்கு—"

"அடுத்தவரை அனுப்புங்கம்மா" என்று உள்ளேயிருந்து மருத்துவர் குரல் கொடுத்தார்.

கதை சொன்னவர் எழுந்துவிட்டார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்து, "பாத்து சார், படி இருக்கு" என்று உள்ளே நடத்திப் போனார். வேலையில் கெட்டிக்காரி.

7

முடிவு என் கையில் இல்லாததால் நானே சில செய்து பார்த்தேன்.

அவள் லிஃப்டில் ஏறிக் கீழே போய் மேலே வருகிறாள். பெரியவள் தூங்கிவிட்டாள். ஓடி வந்து பார்த்தால் சின்னவளும் அப்படியே தூங்குகிறாள். நல்ல முடிவு. ஆனால் இறங்கி ஏறும் அந்த நேரத்துக்குள் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கதவு மூடியது, கதவு திறந்தது என்று இரண்டு வரியில் அதைத் தாண்டியிருந்தேன். மோசடி.

இன்னொன்றில் அவள் காலை வெளியே எடுத்துவிடுகிறாள். லிஃப்ட் போய்விடுகிறது. வாசல்படியில் உட்கார்ந்து, அழும் பிள்ளையை அணைத்துக்கொண்டு தானும் அழுகிறாள். பெரியவள் அம்மாவின் தோளில் மெல்லத் தூங்கிப்போகிறாள். படித்துப் பார்த்தேன். களைத்துத் தூங்கிய பிள்ளையைச் சமாதானமான பிள்ளை என்று உங்களிடம் விற்கப் பார்த்திருக்கிறேன்.

பிறகு லிஃப்டுக்குள் பக்கத்து வீட்டு அம்மா ஒருவரைக் காய்கறிப் பையோடு நிறுத்தினேன். "கொடும்மா, நான் வெச்சிருக்கேன்" என்று அவர் கையை நீ—

இத்தனை வாரம் வராத ஆள் எனக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் எப்படி வருவார்?

8

அங்கே வாங்கிய கண்ணாடி காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு திரும்பப் போனேன். அவர்தான் இருந்தார். முதன்முறையாக முகத்தைப் பார்த்தேன். நான் எழுதிவைத்திருந்த முகம் இல்லை. இன்னும் இளசு. மூக்குத் தண்டில் ஒரு பழைய தழும்பு. கண்ணாடியை வாங்கிச் சூடு காட்டி வளைத்து, என் காதில் மாட்டிவிட்டு, "இப்ப சரியா இருக்கா?" என்றார்.

"இருக்கு. பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். ரெண்டும் வீட்டை ரெண்டாக்குது. குழாயெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு."

"அதைக் கேக்கல" என்றேன். "அன்னைக்கு லிஃப்ட் வந்துச்சுன்னு சொன்னீங்க."

அவர் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். துணியை எடுத்துத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது அது. பக்கத்தில் இருப்பது எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, அது அவருக்கும் தெரியும். அவர் முகம் மறுபடி கலைந்துபோயிற்று.

"லிஃப்ட் காலியாத்தான் சார் வந்துச்சு" என்றார்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

9

காலியாக வந்ததை நான் நிரப்ப முடியாது. ஆனாலும் மனம் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் உங்களை அதற்குள் நிறுத்திப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கதவு திறக்கிறது. தலை வாராத ஒரு பெண், தோளில் அழுது ஓய்ந்த பிள்ளை, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நீங்கள் நல்லவர்கள், கையை நீட்டுகிறீர்கள்.

அவள் எந்தப் பிள்ளையை உங்களிடம் தருவாள்? தோளில் இருப்பவளைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்தவளைப் பார்க்க உள்ளே ஓடுவாளா? இல்லை, "உள்ள ஒருத்தி தூங்கறா. போய் அவ தலையில ஒரு கை, காலடியில ஒரு கை வெச்சுக்கிட்டு உக்காருங்க, அசைக்காதீங்க" என்று உங்களை அனுப்பிவிட்டு, தனக்குத் தெரியாதவளோடு லிஃப்டில் போவாளா?

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். சீக்கிரம். அந்தக் கதவு ரொம்ப நேரம் திறந்து நிற்காது.